"எனக்கு அனுமதி இல்லை": ஹெல்ப் டெஸ்கிலிருந்து நெட்வொர்க் இன்ஜினியர் வேலைக்கு, ஒரு நிகழ்வு ஆய்வு

நெட்வொர்க் டீமில் வேலை பார்ப்பவர்களுக்கு ஹெல்ப் டெஸ்கிலிருந்து வரும் டிக்கெட் (புகார்ப் பதிவு) எப்படி இருக்கும் என்று நன்றாகத் தெரியும். "மூன்றாவது மாடியில் நெட் வரவில்லை. பார்க்கவும்." அவ்வளவுதான். யாருக்கு வரவில்லை, எப்போதிலிருந்து, பக்கத்து மேசைக்காரருக்கு வருகிறதா, ஒன்றும் இருக்காது. திருப்பிக் கேட்டால் "யூசர் அப்படித்தான் சொன்னார்" என்று பதில் வரும்.

ஒரு திங்கட்கிழமை காலை என் வரிசையில் இப்படி ஒன்று வந்து விழுந்தது:

"மூன்றாவது மாடி, கிழக்குப் பக்கம். காலை 9.10 முதல் ஐந்து பேருக்கு எந்த அப்ளிகேஷனும் திறக்கவில்லை. அதே வரிசையில் மற்ற எட்டுப் பேருக்குப் பிரச்சினை இல்லை. வராதவர்களின் ஐபி 192.168.1 என்று தொடங்குகிறது, மற்றவர்களுக்கு 10.20.30. வராதவர்களுக்கு டிஎச்சிபி சர்வர் 192.168.1.1 என்று காட்டுகிறது. அது நம்முடையது இல்லை என்று நினைக்கிறேன். அதன் மேக் முகவரியைக் கீழே கொடுத்திருக்கிறேன். எந்த போர்ட்டில் இருக்கிறது என்று பார்க்க எனக்கு அனுமதி இல்லை."

(டிஎச்சிபி சர்வர் என்பது கணினிகளுக்கு ஐபி முகவரி கொடுக்கும் சர்வர். மேக் முகவரி என்பது கருவியின் நெட்வொர்க் அடையாள எண்.) எழுதியவர் ஹெல்ப் டெஸ்கில் சேர்ந்து ஒன்பதாவது மாதத்தில் இருந்தார். அவர் நெட்வொர்க் இன்ஜினியர் ஆக அதற்கப்புறம் இன்னும் மூன்று வருடம் பிடித்தது. இந்த எழுத்து அந்த மூன்று வருடத்தைப் பற்றியது. பெயர் வேண்டாம் என்றார், எழுதவில்லை. நிறுவனங்களின் பெயரையும் விட்டுவிட்டேன். எழுதியதை அவரிடம் காட்டினேன். இரண்டு இடத்தில் "இப்படி நடக்கலையே அண்ணா" என்று திருத்தினார்.

அந்தத் திங்கட்கிழமை

டிக்கெட்டில் இருந்த மேக் முகவரியை எடுத்து மாடி ஸ்விட்சுகளை இணைக்கும் டிஸ்ட்ரிப்யூஷன் ஸ்விட்சில், எந்த மேக் எந்த போர்ட்டில் என்று காட்டும் "ஷோ மேக் அட்ரஸ்-டேபிள்" கட்டளையைப் போட்டேன். மூன்றாவது மாடிக்குப் போகும் அப்லிங்கைக் காட்டியது. அந்த மாடி ஸ்விட்சுக்குள் நுழைந்து மறுபடி அதையே போட்டால் போர்ட் 17. கேபிள் விவரத்தைப் பார்த்தால் அது ஒரு மீட்டிங் ரூம். போர்ட்டை ஷட் செய்தேன். டிக்கெட் திறந்ததிலிருந்து இதுவரை பத்து நிமிடம்கூட ஆகவில்லை. "நெட் வரவில்லை, பார்க்கவும்" என்று வந்திருந்தால் என் காலைப் பொழுது முழுக்கப் போயிருக்கும்.

வெள்ளிக்கிழமை மாலை யாரோ ஒரு டெமோவுக்காக வீட்டில் வைக்கும் சின்ன வைஃபை ரவுட்டரைக் கொண்டு வந்து சுவரில் இருந்த போர்ட்டில் சொருகியிருக்கிறார்கள். அதிலும் வேன் (வெளி இணைப்பு) போர்ட்டில் சொருகாமல் லேன் (உள் நெட்வொர்க்) போர்ட்டில் சொருகிவிட்டார்கள். அப்படிச் செய்தால் அந்தக் குட்டிப் பெட்டி தன்னை அந்த மாடிக்கே டிஎச்சிபி சர்வராக நினைத்துக்கொண்டு, கேட்பவர்களுக்கெல்லாம் முகவரி கொடுக்கத் தொடங்கிவிடும்.

ஐந்து பேருக்கு மட்டும் ஏன், எட்டுப் பேருக்கு ஏன் இல்லை? முகவரி இல்லாத ஒரு கணினி, "யாராவது எனக்கு ஐபி கொடுங்கள்" என்று ஊருக்கே கேட்கும்படி கத்துகிறது. அதுதான் டிஸ்கவர். முதலில் வந்து சேரும் ஆஃபரைப் பெரும்பாலும் அது பிடித்துக்கொள்ளும். எங்கள் உண்மையான சர்வர் வேறொரு சப்நெட்டில் (நெட்வொர்க்கின் வேறொரு பகுதியில்) இருந்தது, கேள்வி ரிலே வழியாகப் போய்த் திரும்ப வேண்டும். அந்தக் குட்டி ரவுட்டரோ அதே வீலேனில் (ஸ்விட்சுக்குள் தனியாகப் பிரித்த நெட்வொர்க்), கூப்பிடு தூரத்தில். போட்டியில் யார் ஜெயிப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஏற்கெனவே முகவரி வைத்திருக்கும் கணினி இப்படிக் கத்துவதில்லை. லீஸ் (முகவரியை வைத்துக்கொள்ளக் கொடுத்த காலம்) பாதி தாண்டியதும், முன்பு கொடுத்த அதே சர்வரிடம் நேரே போய் நீட்டிப்பு வாங்கிக்கொள்ளும். அந்த எட்டும் வார இறுதியிலும் அணைக்காமல் விட்ட டெஸ்க்டாப்புகள். ஐந்தும் வீட்டுக்குப் போய் வந்த லேப்டாப்புகள்.

கடைசி விவரத்தை நான் கண்டுபிடிக்கவில்லை, அவர்தான் சொன்னார். போர்ட்டை மூடியதும் அந்த ஐந்து லேப்டாப்பிலும் "ரிலீஸ்", "ரின்யூ" கொடுக்க அவர் மாடிக்குப் போயிருந்தார். திரும்பி வரும் வழியில் என் மேசைக்கு வந்து நின்றார்.

"சார், அஞ்சும் லேப்டாப். அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கா?"

லீஸ் கதையைச் சொன்னேன். கேட்டுக்கொண்டார். அப்புறம், "இது மறுபடி நடக்காம இருக்க என்ன பண்ணுவீங்க?" என்றார்.

டிஎச்சிபி ஸ்னூப்பிங் என்று ஒன்று இருக்கிறது, எந்த போர்ட்டிலிருந்து ஆஃபர் வரலாம் எந்த போர்ட்டிலிருந்து வரக்கூடாது என்று ஸ்விட்சுக்கே சொல்லி வைத்துவிடலாம் என்றேன். அப்லிங்கை "டிரஸ்ட்" என்று குறிக்க மறந்துவிட்டால் நல்ல சர்வரின் பதிலையும் சேர்த்துத் தூக்கி எறிந்துவிடும், மாடி முழுக்க முகவரி இல்லாமல் நிற்கும் என்றும் சொன்னேன். கையில் இருந்த சின்ன நோட்டில் எழுதிக்கொண்டு போனார். எங்களிடம் ஏன் அது ஏற்கெனவே போடப்படவில்லை என்று அவர் கேட்கவில்லை. நல்லவேளை.

அதற்கு முன்னால்

அவர் படித்தது கணினி சம்பந்தமான படிப்பு இல்லை. ஹெல்ப் டெஸ்கில் சேர்ந்தபோது வேலை பாஸ்வேர்ட் மாற்றிக் கொடுப்பது, பிரிண்டரில் சிக்கிய தாளை எடுப்பது, புது லேப்டாப்பில் மென்பொருள் ஏற்றுவது. இதைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை, யார் செய்தாலும் அதே வேலைதான்.

எழுத வேண்டியது அந்த நோட்டைப் பற்றி. அதில் அவர் நெட்வொர்க் பாடம் எழுதி வைக்கவில்லை. "நெட் ஸ்லோ" என்று வந்த ஒவ்வொரு அழைப்புக்கும் ஒரு வரி எழுதினார்: கடைசியில் காரணம் என்னவாக இருந்தது. டிஎன்எஸ் தவறு. வைஃபை சிக்னல் பலவீனம். விபிஎன் விட்டு விட்டு வருவது. லேப்டாப்பில் பின்னணியில் ஓடும் அப்டேட். பாதி கழன்ற கேபிள். நெட்வொர்க் டீமுக்குக் கைமாற்றிய டிக்கெட் என்றால், நாங்கள் முடித்து மூடியதும் அதைத் திறந்து நாங்கள் எழுதியதைப் படித்து அந்த வரியையும் சேர்ப்பார். மூடிய டிக்கெட்டைப் போய்ப் படிக்கும் ஆளை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. "போர்ட் எர்-டிஸேபிள் ஆகியிருந்தது, சரி செய்யப்பட்டது" என்று நான் ஒரு வரியில் மூடியதைப் படித்துவிட்டு, எர்-டிஸேபிள் (பிழை கண்டதும் ஸ்விட்ச் தானே போர்ட்டை மூடிவிடுவது) என்றால் என்ன, ஏன் ஆனது என்று ஒருமுறை கேட்டார். அன்றிலிருந்து என் மூடும் வரிகள் கொஞ்சம் நீளமாயின. கூச்சம்தான் காரணம்.

அடிமட்ட வேலையில் பலர் அலுத்துக்கொள்வதற்குக் காரணம், ஒரே மாதிரி புகார்கள் வருவது. ஆனால் பழுது கற்றுக்கொள்ள அதைவிட நல்ல இடம் கிடையாது என்பது என் அபிப்பிராயம். நெட்வொர்க் இன்ஜினியர் நாற்காலியில் உட்கார்ந்தால் வடிகட்டிய பழுதுகள்தான் வரும். ஹெல்ப் டெஸ்குக்கோ எல்லாமே வந்து கொட்டும், எது நெட்வொர்க் எது இல்லை என்று பிரிப்பதே அங்கே வேலை. அந்தப் பிரிக்கும் பழக்கத்தைப் பின்னால் எந்த வகுப்பிலும் வாங்க முடியாது.

படிப்பும் லேபும்

அந்தத் திங்கட்கிழமைக்கு அப்புறம்தான் சிசிஎன்ஏ என்ற நெட்வொர்க் சான்றிதழுக்குப் படிக்கலாமா என்று கேட்டார். 2020 பிப்ரவரியில் நெட்வொர்க் கருவி நிறுவனமான சிஸ்கோ, பல கிளைகளாகப் பிரிந்திருந்த இந்தச் சான்றிதழை 200-301 என்ற ஒரே தேர்வாகச் சுருக்கியது. இரண்டு மணி நேரம். பாடத்திட்டத்தில் பெரிய பங்கு ஐபி கனெக்டிவிட்டி பகுதிக்கு, 25 சதவீதம். தானியக்கத்துக்கும் 10 சதவீதம் உண்டு. தேறினால் மூன்று வருடம் செல்லும். ஒரு கேள்வியைக் கடந்துவிட்டால் பின்னால் போய்த் திருத்த முடியாது. பள்ளித் தேர்வு மாதிரி தெரிந்ததை முதலில் எழுதிப் பழகியவர்களுக்கு இதுவே பாதித் தடுமாற்றம்.

முதல் முறை தோற்றார். வேலையில் சேர்ந்து பதினேழாவது மாதம் அது. என்ன ஆயிற்று என்றதற்கு, "எல்லாம் தெரிஞ்ச மாதிரியே இருந்துச்சு சார், செய்யச் சொன்னா கை வரல" என்றார். வீடியோ பார்த்தே படித்திருந்தார். சப்நெட் கணக்கை ஒவ்வொரு முறையும் ஒன்று, பூஜ்ஜியம் என்று தாளில் விரித்துப் போட்டுக்கொண்டிருந்தார், நேரம் அதிலேயே கரைந்தது.

அதை மாற்றுவது எளிது. 10.20.30.77, ஸ்லாஷ் 26 என்றால் எந்த நெட்வொர்க்? ஸ்லாஷ் 26 என்றால் சப்நெட் மாஸ்க்கின் கடைசி எண் 192. இருநூற்று ஐம்பத்தாறில் 192 போக 64. ஆக நெட்வொர்க்குகள் 0, 64, 128, 192 என்று அறுபத்து நான்கு அறுபத்து நான்காகத் தாவும். 77 விழுவது 64க்கும் 128க்கும் நடுவில். நெட்வொர்க் 64, பிராட்காஸ்ட் 127, நடுவில் 65 முதல் 126 வரை 62 முகவரிகள் கருவிகளுக்கு. காகிதமே வேண்டாம். தினமும் பத்துக் கணக்கு, மூன்று வாரம். அப்புறம் நான் கேள்வியை முடிப்பதற்குள் பதில் வந்தது.

கை வராததற்கு மருந்து லேப். கணினியிலேயே நெட்வொர்க் கட்டிப் பார்க்கும் பேக்கெட் டிரேசர் மென்பொருள் இலவசம்தான், அதில் நிறைய செய்யலாம். கூடவே, ரேக்கிலிருந்து கழற்றிப் போட்ட இரண்டு பழைய ஸ்விட்சுகளை அனுமதி வாங்கி அவருக்குக் கொடுத்தேன். அதற்கு மேல் நான் செய்தது ஒன்றே ஒன்று. அவர் கட்டி முடித்த லேபை அவர் இல்லாதபோது கெடுத்து வைப்பேன். என்ன கெடுத்தேன் என்று சொல்ல மாட்டேன். "மேலே இருக்கும் கணினியிலிருந்து கீழே பிங் போகவில்லை" என்று ஒரு யூசர் மாதிரி மட்டும் எழுதி வைப்பேன்.

ஒருமுறை பேக்கெட் டிரேசர் பத்தாது என்று மெய்யான ரவுட்டர் மென்பொருள் ஓடும் ஜிஎன்எஸ்3ல் இரண்டு ரவுட்டரை ஓஎஸ்பிஎஃப்பில் (ரவுட்டர்கள் தமக்குள் வழிகளைப் பகிரும் முறை) பேச வைத்திருந்தார். ஒரு பக்கம் எம்டியூவை (ஒரு பேக்கெட்டின் அதிகபட்ச அளவு) 1500லிருந்து 1400 ஆக்கிவிட்டுப் போனேன். இரண்டு மாலை அதோடு மல்லுக்கட்டினார். அண்டை ரவுட்டர் தெரிகிறது, ஆனால் நிலை எக்ஸ்ஸ்டார்ட்டிலேயே நிற்கிறது, முழுமை அடைய மறுக்கிறது. ஹலோ டைமர் (அண்டை ரவுட்டருக்கு அனுப்பும் சின்ன ஹலோ செய்தியின் இடைவெளி), ஏரியா எண், சப்நெட் மாஸ்க் எல்லாம் பார்த்தாயிற்று, எல்லாம் சரி. மூன்றாம் நாள் வந்தார்.

"டைமர் தப்பா இருந்தா நெய்பரே வந்திருக்காதுல்ல சார்? இங்க நெய்பர் வந்துட்டான். அப்ப ஹலோ போகுது. ஹலோ சின்னது. அதுக்கு அடுத்து போறது பெருசா இருக்கணும்."

அங்கேயே விடை வந்துவிட்டது, எம்டியூ என்ற வார்த்தையை அவர் சொல்வதற்கு முன்பே. உண்மையில் எக்ஸ்ஸ்டார்ட்டில் நிற்பதற்குக் காரணம் அளவு மட்டும் இல்லை. டேட்டாபேஸ் விவரப் பேக்கெட்டுக்குள்ளேயே எம்டியூ எண் எழுதப்பட்டிருக்கும், தன்னுடையதைவிடப் பெரிதாக இருந்தால் எதிர் ரவுட்டர் அதை ஒதுக்கிவிடும். அதை வயர்ஷார்க்கில் பேக்கெட்டைத் திறந்து காட்டினேன். ஆனால் அவர் வந்த வழி சரியான வழி. எது வேலை செய்கிறது என்பதை வைத்து எது பழுதாக இருக்க முடியாது என்று கழித்துக்கொண்டே வந்திருந்தார்.

இருபதாவது மாதம் தேர்வில் தேறினார். மகிழ்ச்சி. வேலை?

நாங்கள் "இல்லை" என்றது

எங்கள் டீமிலேயே ஒரு இடம் காலியானது. விண்ணப்பித்தார். நேர்காணல் செய்த மூவரில் நானும் ஒருவன். வேண்டாம் என்று சொன்னவர்களிலும் நானும் ஒருவன். இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனால் இதை விட்டுவிட்டு இந்த ஆய்வை எழுதுவதில் அர்த்தமில்லை.

காரணம் அறிவுக் குறை இல்லை. ஓடிக்கொண்டிருக்கும் ஒரு கருவியில் அவர் ஒரு வரிகூடத் தட்டியதில்லை. லேபில் தவறு செய்தால் அழித்துவிட்டு மறுபடி கட்டலாம். நூறு பேர் வேலை பார்க்கும் ஸ்விட்சில் என்டர் தட்டுவதற்கு முந்தைய நொடியில் வயிற்றில் ஒன்று புரளுமே, அது அவருக்குப் பழக்கமில்லை. வேறு இடத்தில் ஏற்கெனவே செய்துகொண்டிருந்த ஒருவரை எடுத்தோம்.

இந்த இடத்தில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். அனுபவம் இல்லாமல் அனுமதி தர மாட்டார்கள், அனுமதி இல்லாமல் அனுபவம் வராது. அவர் "போர்ட்டைப் பார்க்க எனக்கு அனுமதி இல்லை" என்று எழுதி ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. பார்க்க மட்டும் ஒரு லாகின் கொடுத்திருக்கலாம், ஒன்றும் கெட்டுப்போயிருக்காது. எனக்குத் தோன்றவில்லை. தவறு எங்களுடையது.

எங்கே குறை என்று அவர் கேட்டார். உள்ளதைச் சொன்னேன். என்ஓசி (நெட்வொர்க்கை இரவு பகலாகக் கண்காணிக்கும் மையம்) பக்கம் பாருங்கள் என்றேன். தேர்வில் தேறியதற்கும் என்ஓசியில் சேர்ந்ததற்கும் நடுவில் எட்டு மாதம் ஓடியது. அந்த எட்டு மாதம் வீண் என்பதில் எங்கள் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. தேறிய மறுவாரமே வெளியே தேடியிருக்க வேண்டும். உள்ளே கிடைத்துவிடும் என்ற நம்பிக்கை ஆளை உட்கார வைத்துவிடுகிறது.

இரவு ஷிஃப்ட்

என்ஓசியில் பதினாறு மாதம் இருந்தார். பெரும்பாலும் இரவு. தூக்கம் கெட்டது, உடம்பு கெட்டது. அதை அழகாக எழுத எனக்கு விருப்பமில்லை.

ஆனால் அங்கே கிடைத்தது வேறெங்கும் கிடைக்காதது. அலாரம் வரும், பார்க்க வேண்டும், லிங்க் கொடுத்த நிறுவனத்தைக் கூப்பிட்டு சர்க்யூட் எண்ணைச் சொல்லிச் சண்டை போட வேண்டும். ஃபைபரில் ஒளி எவ்வளவு வருகிறது என்று பார்க்கக் கற்றுக்கொண்டார். பத்து ஜிகாபிட் எல்ஆர் ஆப்டிக் (ஃபைபரைச் சொருகும் ஒரு வகைக் கருவி) என்றால் வந்து சேரும் ஒளியின் வலிமை -14.4 டிபிஎம்மைவிடக் கீழே இறங்கக் கூடாது, -12 என்று காட்டினால் இன்று ஓடும், நாளைக்குச் சந்தேகம். பெரும்பாலும் முனையில் அழுக்கு. சுத்தம் செய்யாமல் ஃபைபரைச் சொருகுகிறவர்களைப் பற்றி அவருக்கு இன்றைக்கும் நல்ல அபிப்பிராயம் கிடையாது.

பிஜிபி செஷன் (வெவ்வேறு நெட்வொர்க்குகளின் ரவுட்டர்கள் வழிகளைப் பகிரும் தொடர்பு) விழுந்ததாக அலாரம் வந்தால், லிங்க் விழுந்தது அந்த நேரத்தில்தான் என்று முதலில் நம்பிக்கொண்டிருந்தாராம். சிஸ்கோவில் வழக்கமான ஹோல்ட் டைம் (எதிர்ப்பக்கம் பேசாவிட்டால் காத்திருக்கும் நேரம்) 180 நொடி. நடுவில் ஒரு ஸ்விட்ச் இருந்து அதற்கு அந்தப் பக்கம் அறுந்தால் இந்தப் பக்கத்து போர்ட்டின் விளக்கு எரிந்துகொண்டேதான் இருக்கும். மூன்று நிமிடம் வரை பேக்கெட்டுகள் கிணற்றில் கொட்டிக்கொண்டிருக்கும், அப்புறம்தான் அலாரம். இணைப்பு அறுந்ததைச் சட்டென்று கண்டுபிடிக்கும் பிஎஃப்டி எதற்கு இருக்கிறது என்பது அன்றைக்குத்தான் புரிந்தது என்றார்.

ஆறு மாதம் கழித்து இரவு நேர மாற்ற வேலைகளில் தட்ட விட்டார்கள். மூன்றாவது வேலையிலேயே அது நடந்தது.

ஒரு கிளை அலுவலக ஸ்விட்சில், 10, 20, 30, 99 என்று நான்கு வீலேன் போய்க்கொண்டிருந்த டிரங்கில் வீலேன் 40ஐச் சேர்க்க வேண்டும். "ஸ்விட்ச்போர்ட் டிரங்க் அலவ்டு வீலேன் 40" என்று தட்டி என்டர் அடித்தார். நடுவில் "ஆட்" என்ற ஒரு சொல் விட்டுப்போயிற்று. அந்தச் சொல் இல்லாவிட்டால் ஸ்விட்ச் பட்டியலில் 40ஐச் சேர்க்காது, பட்டியலையே 40 ஆக்கிவிடும். மற்ற நான்கும் போய்விட்டன. அதில் 99 என்பது அவர் அந்த ஸ்விட்சுக்குள் நுழைந்திருந்த மேனேஜ்மென்ட் வீலேன். திரை உறைந்தது. கர்சர் துடிக்கிறது, எழுத்து வரவில்லை.

இந்தத் தவறைச் செய்யாத நெட்வொர்க் இன்ஜினியர் இருந்தால் அவர் இன்னும் வேலையில் சேரவில்லை என்று அர்த்தம்.

காப்பாற்றியது ஒரே விஷயம்: அவர் இன்னும் கான்ஃபிகைச் சேமிக்கவில்லை. கிளையில் இருந்த காவலரைத் தொலைபேசியில் கூப்பிட்டு, ஸ்விட்சின் பவர் கேபிளைப் பிடுங்கிச் சொருகச் சொன்னார். எழுந்து வந்த ஸ்விட்ச் பழைய கான்ஃபிகோடு வந்தது. மொத்தம் பதினொரு நிமிடம். இரவு என்பதால் யாரும் கவனிக்கவில்லை. அவர் சொல்லியிருக்காவிட்டால் யாருக்கும் தெரிந்திருக்காது. நடந்ததை நிமிட வாரியாக எழுதி, தான் விட்ட சொல்லையும் எழுதி, காலையில் ஷிஃப்ட் மாறுவதற்கு முன் தலைவருக்கு அனுப்பிவிட்டார்.

அதற்குப் பிறகு தொலைவிலிருந்து டிரங்கைத் தொடும் முன் "ரீலோட் இன் 10" போடாமல் அவர் வேலை தொடங்குவதில்லை. பத்து நிமிடத்தில் ஸ்விட்ச் தானே எழுந்து பழைய நிலைக்கு வந்துவிடும். எல்லாம் சரியாக இருந்தால் "ரீலோட் கேன்சல்". ஒரு சின்னப் பொறி இதிலும் உண்டு. கான்ஃபிக் மாறியிருக்கும் நிலையில் இந்தக் கட்டளையைக் கொடுத்தால் "சேமிக்கவா?" என்று கேட்கும். கை பழக்கத்தில் "ஆம்" என்றால், திரும்பிப் போக வேண்டிய பழைய நிலையே இல்லாமல் போகும். இன்னொரு நிறுவனமான ஜூனிப்பரின் கருவிகளை வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. "கமிட் கன்ஃபர்ம்டு" என்று தட்டினால் போதும், உறுதி செய்யாவிட்டால் பத்து நிமிடத்தில் தானே பின்வாங்கிவிடும். எனக்குக் கொஞ்சம் பொறாமைதான்.

இதே காலத்தில் பைத்தானில் நெட்மிகோ (நெட்வொர்க் கருவிகளுக்குக் கட்டளை அனுப்பும் நூலகம்) வைத்து ஒரு சின்ன நிரல் எழுதினார். மாற்றத்துக்கு முன்னும் பின்னும் சில "ஷோ" கட்டளைகளை ஓட்டி, இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று காட்டும். நாற்பது வரிதான் இருக்கும். டிரங்க் பட்டியலும் அதில் ஒரு கட்டளை.

மறுபடி அதே அறை

எங்களிடம் இன்னொரு இடம் காலியானபோது மறுபடி விண்ணப்பித்தார். அவரை எனக்குத் தெரியும் என்று மற்ற இருவரிடமும் முன்பே சொல்லிவிட்டேன். கேள்விகளை அவர்களே கேட்டார்கள்.

பழைய ரெஸ்யூமேயும் புதியதும் என்னிடம் இருந்தன. பழையதில் "திறன்கள்" என்ற தலைப்பில் ஓஎஸ்பிஎஃப், பிஜிபி, எம்பிஎல்எஸ், ஃபயர்வால், வைஃபை என்று பதினாறு பெயர்கள். அப்படிப்பட்ட பட்டியலைப் பார்த்தால், கடைசியாக இருப்பதிலிருந்துதான் நான் கேள்வி கேட்பேன். அதில்தான் ஆள் விழுவார். புதியதில் அந்தப் பட்டியல் இல்லை. "இரவு மாற்ற வேலைகளில் டிரங்க், ஆக்சஸ் போர்ட், ஸ்டேட்டிக் ரூட் மாற்றங்கள் செய்தேன், பிஜிபி செஷன்களைக் கவனித்துப் பழுது பார்த்தேன், வடிவமைத்ததில்லை" என்று ஒரு வரி. வடிவமைத்ததில்லை என்று ரெஸ்யூமேயில் யார் எழுதுகிறார்கள்? அந்த ஒரு சொல் மற்ற எல்லா வரிகளையும் நம்ப வைத்தது.

முதல் கேள்வி எங்கள் வழக்கமான கேள்வி: ஒரு யூசருக்கு ஒரு தளம் மட்டும் திறக்கவில்லை, என்ன செய்வீர்கள்? பெரும்பாலானவர்கள் உடனே "பிங் போடுவேன்" என்று தொடங்குவார்கள். இவர் எங்களைத் திருப்பிக் கேட்கத் தொடங்கினார். மற்றவர்களுக்குத் திறக்கிறதா? நேற்றுத் திறந்ததா? அதே ஆள் வேறு இடத்தில் உட்கார்ந்தால்? நேற்று இரவு யாராவது எதையாவது மாற்றினார்களா? கேட்டவர் பதில் சொல்லியே களைத்தார்.

தெரியாததும் இருந்தது. எம்இடி மதிப்பை (ஒரு பாதைக்கு அண்டை நெட்வொர்க் சொல்லும் முன்னுரிமை எண்) பிஜிபி எப்போது ஒப்பிடும் என்று கேட்டபோது, "குறைவான மதிப்பு ஜெயிக்கும்னு தெரியும். எல்லாப் பாதைகளுக்கும் நடுவுல ஒப்பிடுமான்னு தெரியல" என்றார். ஒரே அண்டை ஏஎஸ்ஸிலிருந்து (ஒரே நிர்வாகத்தில் இயங்கும் நெட்வொர்க்) வரும் பாதைகளுக்குள் மட்டும்தான், வேறு மாதிரி நாம் சொல்லாத வரை. தெரியாது என்று சொன்னதோடு நிற்காமல், மூன்று ரவுட்டர் வைத்து அதை எப்படிச் சோதிப்பேன் என்று பலகையில் வரைந்தார். வரைந்தது சரி. அந்தச் சோதனை சரியான விடையைக் காட்டியிருக்கும்.

நீங்கள் செய்த பெரிய தவறு என்ன என்ற கேள்விக்கு அந்தப் பதினொரு நிமிடத்தைச் சொன்னார். இந்தக் கேள்விக்கு நிறைய பேர் "நான் அளவுக்கு மீறி உழைத்துவிடுவேன்" ரகப் பதிலைத் தயாரித்து வருவார்கள், கேட்கவே அலுப்பாக இருக்கும். இவர் கட்டளையைச் சொல் சொல்லாகச் சொல்லி, எது விட்டுப்போனது, காவலரிடம் என்ன சொன்னார், அப்புறம் தன் வேலை முறை எப்படி மாறியது என்று வரிசையாகச் சொன்னார்.

போட்டியில் இருந்த இன்னொருவரிடம் இவரைவிட மேற்படிச் சான்றிதழ் இருந்தது. எங்களில் ஒருவருக்கு அவர்தான் பிடித்திருந்தது, அதற்கு நியாயமும் இருந்தது, ரூட்டிங் ஆழமாகத் தெரிந்தவர். ஆனால் பேக்கெட் போகும் வழியைக் காட்டும் ஒரு டிரேஸ்ரூட் வெளியீட்டைத் தாளில் கொடுத்தபோது, நடுவில் ஒரு இடத்தில் மூன்று நட்சத்திரக் குறி வந்ததைப் பார்த்து அங்கேதான் பழுது என்றார். அடுத்த வரிகளில் பதில் வந்துகொண்டிருந்ததை அவர் பார்க்கவில்லை. அந்த ரவுட்டர் டிரேஸ்ரூட்டுக்குப் பதில் சொல்ல மறுக்கிறது, அவ்வளவுதான், பேக்கெட் தாண்டிப் போய்க்கொண்டுதான் இருக்கிறது. இவர் அதே தாளை வாங்கிக் கடைசி வரியிலிருந்து மேல் நோக்கிப் படித்தார்.

அதிர்ஷ்டத்துக்கும் பங்கு உண்டு. அந்த நேரத்தில் இடம் காலியாகியிருக்காவிட்டால், நான் அந்த டீமிலேயே தொடர்ந்து இருந்திருக்காவிட்டால் கதை வேறு மாதிரி போயிருக்கலாம். இதே அளவு உழைத்து இன்னும் ஹெல்ப் டெஸ்கில் இருப்பவர்களை எனக்குத் தெரியும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: என்ஓசி எல்லோருக்கும் ஒத்து வராது. இரவு ஷிஃப்ட் முடியாதவர்கள், சின்ன அலுவலகத்தில் எல்லா வேலையும் ஒரே ஆள் பார்க்கும் இடத்தில் சேர்ந்து அதே தட்டும் அனுபவத்தை வாங்கியிருக்கிறார்கள். அங்கே சொல்லிக் கொடுக்க ஆள் இருக்காது, ஆனால் தடுக்கவும் ஆள் இருக்காது.

முதல் வாரம்

சேர்ந்த நான்காம் நாள் அவர் வரிசையில் ஒரு டிக்கெட் விழுந்தது. "இரண்டாவது மாடியில் நெட் வரவில்லை. பார்க்கவும்." அதை அவர் எனக்குக் காட்டியபோது இருவரும் சிரித்தோம். அப்புறம் அனுப்பியவரைத் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"தம்பி, பக்கத்து சிஸ்டத்துல ஐபிகான்ஃபிக் போட்டுப் பார்த்தீங்களா? சரி, நான் லைன்லயே இருக்கேன். போட்டுட்டுச் சொல்லுங்க."

அன்று மாலை மாற்றக் கோரிக்கை ஒன்றைப் பதிவு செய்தார், எங்கள் டீமில் அவருடைய முதல் கோரிக்கை. ஹெல்ப் டெஸ்கில் இருப்பவர்களுக்கு ஆக்சஸ் ஸ்விட்சுகளில் பார்க்க மட்டும் ஒரு லாகின்: போர்ட்டின் நிலை, மேக் அட்டவணை, வீலேன் விவரம். மாற்ற எதுவும் முடியாது. எந்தெந்தக் கட்டளைகள், லாகின்களை நிர்வகிக்கும் டாகாக்ஸ் சர்வரில் எந்தக் குழு, திரும்பப் பெறுவது எப்படி என்று எல்லாம் எழுதியிருந்தார். காரணம் என்ற இடத்தில் பழைய டிக்கெட் எண் ஒன்றைக் கொடுத்து, அதன் கடைசி வரியை மட்டும் எடுத்து ஒட்டியிருந்தார்.

ஒப்புதல் தர வேண்டியவன் நான். அன்றிரவே கொடுத்துவிட்டேன்.